வாசல் மணிக்குக் கோடு போதவில்லை

அழகுமுத்துவுக்குக் காது கேட்காது என்பது இரண்டே பேருக்குத்தான் தெரிந்திருந்தது. ஒருவர் அழகுமுத்து. இன்னொருத்தி அவருடைய மகள் லோஜினி, கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவள். இருவரும் இதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

மஸ்கெலியாவுக்கு மேலே ஊசிமலைத் தோட்டத்தின் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வாடிய கொழுந்தை உருட்டும் ரோலர் மிஷினோடு அவர் வாலிபத்தையும் அதற்குப் பிந்தியதையும் கழித்தார். அந்த அறையில் யாரும் யாரோடும் வாயால் பேச முடியாது. எல்லாம் கைதான். உள்ளங்கையை விரித்துத் தூக்கினால் மிஷினை நிறுத்து. நெஞ்சில் தட்டினால் தேத்தண்ணி. மணிக்கட்டில் தட்டினால் எவ்வளவு நேரம். மூக்கைத் தொட்டால் டீமேக்கர் ஐயா வருகிறார். இந்தப் பாஷையில் அழகுமுத்து வாயாடி என்று பெயரெடுத்தவர். அதனால் காது எப்போது போனது என்பதை அவரே கவனிக்கவில்லை. ஸ்டோருக்குள் இருந்தவரை அது தேவைப்படவும் இல்லை.

வீட்டில் மனைவி பேச்சியம்மா இருந்தாள். வாசலில் யாராவது கூப்பிட்டால் அவள் வந்து அவர் தோளில் தட்டுவாள். "ஒங்களத்தான் கூப்புடுறாங்க" என்று அவர் முகத்துக்கு நேரே நின்று சொல்லுவாள். அவர் எழுந்து போவார். உங்களுக்குக் காது கேட்கவில்லையா என்று அவள் கேட்டதில்லை. தோளில் தட்டுவது அவள் பழக்கம் என்றுதான் அவரும் வைத்திருந்தார். அவள் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்த பிறகுதான், தன் வீட்டுக்கு யாருமே வருவதில்லை என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது.

வந்துகொண்டுதான் இருந்தார்கள். தட்டிவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டும் இருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அவர் லயத்தை, தோட்டத்து வரிசை வீட்டை, விட்டு, தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில் கட்டிக்கொடுத்த தனி வீட்டுக்குக் குடிமாறியிருந்தார். எனவே தோட்டத்துக்கு ஒரு விளக்கம் சுலபமாகக் கிடைத்தது. தனி வீடு வந்ததும் அழகுமுத்துவுக்குத் தலை கனத்துவிட்டது; உள்ளே டிவி ஓடுகிறது, லைட் எரிகிறது, கதவைத் திறக்க மாட்டேன் என்கிறார். இது மேல்கணக்கு வரை போனது. அழகுமுத்துவுக்கு மட்டும் வரவில்லை.

இது இப்படியே போயிருந்தால் மனிதர் மரியாதையாகவே தலைக்கனக்காரராக வாழ்ந்து முடித்திருப்பார். ஆனால் பொன்னையாவின் தாயார் இறந்துபோனார்.

பொன்னையா ஸ்டோரில் எலெக்ட்ரீஷனாக இருந்தவர். அழகுமுத்துவும் அவரும் ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் பிறந்தவர்கள். நடுச்சுவர் கூரைவரை எட்டாத லயம் அது. அந்த வீட்டில் குழம்பு தாளித்தால் இந்த வீட்டில் தும்முவார்கள். அழகுமுத்துவின் அம்மா மலைக்குக் கொழுந்தெடுக்கப் போன நாட்களில் பொன்னையாவின் அம்மாதான் இருவருக்கும் ஒரே தட்டில் சோறு போட்டு ஊட்டியவர்.

கேதம் சொல்ல பொன்னையாவின் மருமகன் ஜீவராஜ் வந்தான். நல்ல மழை. கதவைத் தட்டினான், கூப்பிட்டான், மறுபடி தட்டினான். உள்ளே வெளிச்சம் இருந்தது. டிவியில் யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள். போன் அடித்துப் பார்த்தான். அது சார்ஜ் இல்லாமல் அரிசி டின்மேல் கிடந்தது. நனைந்துகொண்டே திரும்பிப் போய்ச் சொன்னான்.

அழகுமுத்துவுக்கு அந்த வாரம் கால் வலி. வெளியே இறங்கவில்லை. வலி விட்டுக் கடைக்குப் போனபோது ரோட்டோரம் நெடுகிலும் வெள்ளைக் கொடி கட்டியிருந்தது, மழையில் நனைந்து கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு. கடைக்காரரிடம் யாருங்க என்று கேட்டார். கடைக்காரர் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சொன்னார். அடக்கம் முடிந்திருந்தது.

கடையில் வாங்க வந்ததை வாங்காமலே மேல்கணக்குக்கு ஏறினார். பொன்னையா வாசலில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார். மனைவி செவனம்மாதான் வெளியே வந்தாள்.

"காய்ச்சலா கெடந்துட்டேன் செவனம்மா" என்று கால் வலியைக் காய்ச்சலாக்கினார் அழகுமுத்து.

"மழையில நின்னு கதவு ஒடையிற மாதிரி தட்டியிருக்கான் எங்க மருமகன். உள்ள டிவி ஓடிச்சாமே. காய்ச்சக்காரரு சமையல் நிகழ்ச்சியா பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

அவள் நேருக்கு நேர் நின்று உரக்கச் சொன்னதால் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. எனக்குக் கேட்கவில்லை என்று சொல்ல ஒரு விநாடி போதும். அது அழகுமுத்துவின் வாயில் வரவில்லை. ரோலர் ரூமில் வேலை செய்து காது போனவர்களை அவர் பார்த்திருக்கிறார். பிள்ளைகள் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரிப்பார்கள். தலைக்கனக்காரன் என்றால் யாரும் சிரிப்பதில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு இறங்கி வந்துவிட்டார். பதினாறாம் நாள் கருமாதிக்கும் அவருக்குச் சொல்லி வரவில்லை. யாராவது வந்து தட்டினார்களா என்பதும் அவருக்குத் தெரியாது.

சித்திரை வருஷப் பிறப்புக்கு லீவில் வந்த லோஜினிக்கு இதெல்லாம் பக்கத்து வீட்டில் கேள்விப்பட்டுத் தெரிந்தது. அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. அடுத்த முறை வந்தபோது ஒரு பெட்டியோடு வந்தாள்.

"இது கேமரா வச்ச காலிங் பெல்லுப்பா. இப்ப எங்க பாத்தாலும் களவு. ஆள் வந்து அமுக்குனா ஒங்க போன் அதிரும், எனக்கும் கண்டியில போன் அடிக்கும். ஹோல்ல மாட்டுற பல்ப் செவப்பா மின்னும்."

"பல்ப் எதுக்கு மின்னணும்?"

"களவுக்குத்தான்" என்றாள் லோஜினி.

"அது சரி" என்றார் அழகுமுத்து. திருட வருகிறவன் பெல் அமுக்குவானா என்று இருவரும் யோசித்துப் பார்க்கவில்லை.

பெல்லை வாசல் நிலைக்குப் பக்கத்தில் திருகி வைத்தாள். அதோடு வந்த பல்பை ஹோலில், அதாவது முன்னறையில், மாட்டினாள். சிம் போடும் ரவுட்டர் ஒன்றைச் சமையலறை ஜன்னலில் வைத்தாள். எல்லாம் வேலை செய்தது. அவள் பஸ் ஏறி ஹட்டன் தாண்டுவதற்குள் வேலை செய்வதை நிறுத்தியது.

போனில் ஒரு விசிறி போன்ற படத்தில் மூன்று கோடு வர வேண்டும் என்று அவள் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்றால் மூன்றும் வந்தன. பெல்லுக்கோ ஒரு கோடுதான். அந்த ஒன்றும் காற்றில் விளக்கு மாதிரி வந்து வந்து போனது. பெல்லை அமுக்கினால் அதிலேயே ஒரு நீல வெளிச்சம் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும், பிறகு அணையும். பல்ப் மின்னாது. போன் அதிராது.

லோஜினி வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டாள்: "அப்பா, ரவுட்டரை வாசல் பக்கம் வச்சுப் பாருங்க." பேசுவதைவிட எழுதுவதுதான் வசதி என்று அவள் ஒருமுறை சொல்லியிருந்தாள், டியூட்டியில் இருப்பதால். அவரும் டியூட்டியில் இருப்பதால்தான் என்று எடுத்துக்கொண்டார்.

வாசல் பக்கம் வைத்தார். பெல்லுக்கு மூன்று கோடு வந்தது. ஆனால் இன்டர்நெட் போய்விட்டது. தோட்டத்துக்குச் சிக்னல் தரும் டவர் எதிர் மலைக்கு அப்பால் நின்றது. இரண்டு முகடுகளுக்கு நடுவில் இருந்த ஒரு பள்ளம் வழியாக அது சமையலறை ஜன்னலை மட்டும் பார்த்தது. ரவுட்டர் அந்த ஜன்னலில் இருந்தால் டவரைப் பிடிக்கும், பெல்லை விட்டுவிடும். வாசலில் இருந்தால் பெல்லைப் பிடிக்கும், டவரை விட்டுவிடும்.

நடுவில் என்ன இருக்கிறது என்று எழுதச் சொன்னாள். அவர் போட்டோ எடுத்து அனுப்பினார். சமையலறை, வீட்டோடு பிறகு அவரே ஒட்டிப்போட்டது; நாலு பக்கமும் தகரம். அதைத் தாண்டினால் சீமெந்துச் சுவர். சுவரோடு சாய்ந்து பேச்சியம்மாவின் இரும்பு அலுமாரி, முகம் பார்க்கும் கண்ணாடி பதித்தது. அதற்குப் பிறகு ஹோல். அப்புறம் வாசல்.

"தகரமும் இரும்பும் கண்ணாடியும் சிக்னலை மறிக்கும் அப்பா. அலுமாரியைத் தள்ளி வைங்க. யாரையாவது கூப்பிட்டுக்குங்க. தனியா தள்ளாதீங்க."

அவர் தனியாகத் தள்ளினார். அலுமாரிக்குள் பேச்சியம்மாவின் சேலைகள் அப்படியே இருந்தன. அவற்றை இறக்கிக் கட்டில்மேல் அடுக்கிவிட்டு, அலுமாரியின் ஒரு காலுக்கு அடியில் சாக்கை மடித்துக் கொடுத்து, மூலைவரை இழுத்தார். பழைய இடத்தில் சுவர் மட்டும் வேறு நிறத்தில் அலுமாரி உயரத்துக்கு நின்றது. சேலைகளைத் திருப்பி அடுக்கும்போது கொஞ்ச நேரம் ஆனது. பிறகு போனைப் பார்த்தார். பெல்லுக்கு ஒன்றரைக் கோடு இருந்தது. அரைக் கோடு என்று ஒன்று கிடையாது என்று லோஜினி பதில் எழுதினாள்.

ரவுட்டரை உயரத்தில் வைக்கச் சொன்னாள். ஜன்னலுக்கு மேலே பலகை அடித்து ஏற்றினார். அடுப்புப் புகை படாமல் இருக்க ரொட்டி வாங்கிய பையைப் போட்டு மூடினார். சூடாகி நின்றுபோனது. பையை எடுத்தார். அப்புறம் அந்த ரவுட்டர் இரண்டு பெயரில் வைஃபை விடுகிறது என்றும், ஒன்று வேகமானது ஆனால் சுவர் தாண்டாது, மற்றது மெதுவானது ஆனால் தூரம் போகும், பெல்லுக்கு மெதுவானதுதான் பிடிக்கும் என்றும் எழுதினாள். அது அவருக்குச் சட்டென்று விளங்கியது. பெல்லை மெதுவானதோடு சேர்த்தார். இரண்டு கோடு வந்தது. மூன்று தடவை அமுக்கினால் ஒரு தடவை பல்ப் மின்னியது.

அந்த ஒரு தடவையை நம்பி அவர் ஹோலில் பல்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கப் பழகினார். டிவி பார்ப்பது குறைந்தது.

கடைசியில் லோஜினி, நடுவில் வைக்கும் ஒரு சாமான் இருக்கிறது, சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும், மஃறூப் நானா கடையில் கேளுங்கள் என்று எழுதினாள். மஸ்கெலியா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மஃறூப் போனும் மின்சாரச் சாமானும் விற்கிறவர். அழகுமுத்து போய்ச் சொன்னதும், மஃறூப் திரும்பி நின்று மேல்தட்டில் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டே ஏதோ கேட்டார். முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"ஆமாங்க" என்றார் அழகுமுத்து.

முதுகு மறுபடி ஏதோ கேட்டது.

"ஆமாங்க, அதேதான்."

வீட்டுக்கு வந்து பிரித்தால் டிவி அன்டெனாவுக்கு மாட்டும் பூஸ்டர் இருந்தது. அடுத்த பஸ்ஸில் திருப்பிக்கொண்டு போனார்.

"டிவிக்கா வைஃபைக்கான்னு ரெண்டு தரம் கேட்டேனே அண்ண" என்றார் மஃறூப், இந்த முறை முகத்தைக் காட்டி. "நீங்க ஆமான்னீங்க."

"ரெண்டும் ஒன்னுன்னு நெனச்சேன்" என்றார் அழகுமுத்து. செவிடு என்பதைவிட மடையன் என்பது அவருக்கு அந்த நேரத்தில் தாங்கிக்கொள்ளக்கூடியதாக இருந்தது. மஃறூப் சரியான சாமானை எடுத்துக் கொடுத்தார்.

அதைச் சுவரிலேயே சொருக வேண்டும். ஹோலில் இருந்த ஒரே பிளக் பொயின்ட் வாசலோரம் டிவிக்குப் பின்னால் இருந்தது. சொருகினார். பெல்லுக்கு மூன்று கோடு வந்தது. ஆனால் பல்ப் மின்னவில்லை. லோஜினி விளக்கினாள். அந்த இடத்துக்கே சிக்னல் சரியாக வருவதில்லை. வராததை அது பலமாகத் திருப்பி அனுப்புகிறது. சமையலறைக்கும் ஹோலுக்கும் நடுவில், முன்பு அலுமாரி நின்ற சுவரில் சொருக வேண்டும். அங்கே பொயின்ட் இல்லை. நீளமான வயர் ஒன்று இழுத்து வைத்தார். அன்று சாயங்காலமே அதில் கால் மாட்டிச் சுவரில் கையூன்றி நின்றார். அதை மகளிடம் சொல்லியிருக்கக் கூடாது. விழுந்து இடுப்பு உடைந்தவர்கள் படுக்கும் வார்டில் வேலை செய்கிறவள் அவள்.

"வயரைக் கழட்டுங்க. பொன்னையா மாமாவுக்கு நான் கோல் பண்றேன். அவர் வந்து பொயின்ட் அடிப்பார்."

வேண்டாம் என்று எழுதினார். அது போய்ச் சேர்வதற்குள் அவள் பேசி முடித்திருந்தாள்.

மறுநாள் காலையில் அழகுமுத்து கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். பொன்னையா பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். தலையில் முடி பழையபடி வளர்ந்திருந்தது. "வா மச்சான்" என்றார் அழகுமுத்து. பொன்னையா அவரைத் தாண்டி உள்ளே போனார்.

அன்று அழகுமுத்துவுக்கு ஒரு புதிய சிக்கல் வந்தது. பொன்னையா கோபத்தில் பேசாமல் இருக்கிறாரா, அல்லது பேசி இவருக்குக் கேட்கவில்லையா என்று பிரித்தறிய முடியவில்லை. மௌனத்துக்குப் பதில் சொல்லி மானம் போவதா, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இன்னும் பகையாவதா? யோசித்துப் பார்த்து, அவ்வப்போது பொதுவாக "ம்" என்று சொல்லிக்கொண்டிருப்பது என்று முடிவுசெய்தார். பொன்னையா சுவரில் துளை போடுகிற நேரமெல்லாம் இவர் "ம்" கொட்டினார். பொன்னையா இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

தேத்தண்ணி போட்டு வந்து வைத்தார். பொன்னையா தொடவில்லை. ஸ்டூலில் ஏறிச் சுவரைப் பார்த்தபடி வயரை மேலே கொண்டுபோனார். அப்போது அவர் தோள் அசைவது மாறியது. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது. பேசுகிறார் என்பது அழகுமுத்துவுக்குத் தெரிந்தது. முதுகுதான் தெரிந்தது. முணுமுணுப்பாக ஏதோ வந்து நின்றது. ஸ்க்ரூ டிரைவர் கேட்கிறாராக இருக்கும்.

"இந்தா" என்று நீட்டினார்.

பொன்னையாவின் கை அதை வாங்கவில்லை. மறுபடி தோள் அசைந்தது, இந்த முறை நீளமாக.

தேத்தண்ணி ஆறுவதைப் பற்றி இருக்கும் என்று அழகுமுத்து நினைத்தார். "அதுக்கென்ன மச்சான், ஆகட்டும். மொதல்ல தேத்தண்ணியக் குடி" என்றார்.

பொன்னையா மெதுவாகத் திரும்பினார். முகம் வெளிறியிருந்தது. ஸ்டூலில் இருந்து இறங்கி அழகுமுத்துவின் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு அவரைச் சுற்றிப் பின்பக்கம் போனார். அழகுமுத்து திரும்பவில்லை, சாமான் எடுக்கப் போகிறார் என்று நினைத்தார். அறுந்த லைனைத் தேடும்போது எலெக்ட்ரீஷன் ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்ப்பது போல, பொன்னையா முதலில் மெல்லக் கூப்பிட்டார். பிறகு சத்தமாக. பிறகு சமையலறைத் தகரத்தில் சுத்தியலால் ஓங்கி ஓர் அடி அடித்தார். அழகுமுத்து தேத்தண்ணிக் கோப்பையின் மேல் விழுந்த சுண்ணாம்புத் தூளைக் கவனமாக விரலால் எடுத்துக்கொண்டிருந்தார்.

பொன்னையா முன்னால் வந்து நின்றார். சுத்தியலைக் கீழே வைத்தார். தன் காதைத் தொட்டுக் காட்டி, மணிக்கட்டில் தட்டினார். எவ்வளவு நேரம்? அதாவது, எவ்வளவு காலமாக?

ரோலர் ரூம் பாஷையில் கேட்டால் பொய் சொல்ல அழகுமுத்துவுக்குத் தெரியாது. அந்தப் பாஷையில் பொய்க்குச் சைகையே இல்லை. கையைத் தோளுக்கு மேலே பின்பக்கமாக வீசிக் காட்டினார். ரொம்பக் காலம்.

பொன்னையா ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். பிறகு முகத்துக்கு நேரே, வாயைப் பெரிதாகத் திறந்து சொன்னார்:

"நான் அங்கன நின்னு என்னா கேட்டேன் தெரியுமாடா? நான் செத்தாலும் நீ கதவச் சாத்திக்கிட்டுத்தான் இருப்பியான்னு கேட்டேன். நீ அதுக்கென்ன மச்சான் ஆகட்டுங்கிற. மொதல்ல தேத்தண்ணியக் குடிங்கிற."

"சீனி சரியா இருந்துச்சா?" என்று கேட்டார் அழகுமுத்து.

பொன்னையா சிரித்தாரா அழுதாரா என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அம்மா கடைசி நாள்ல ரெண்டு தடவ கேட்டுச்சுடா. அழகு வந்தானான்னு. ஜீவராஜ அடக்கத்துக்கு மட்டும் அனுப்பல. மொத நாளும் ஒரு தடவ அனுப்புனேன், உசுரு இருக்கப்பவே."

இது அழகுமுத்துவுக்குத் தெரியாத செய்தி. செவனம்மா இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருப்பாரா என்று தன்னைத்தானே கேட்டுப் பார்த்தார். சொல்லியிருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"ஏண்டா சொல்லல? காதுதான. மானமா போயிருச்சு?"

"ஆமா" என்றார் அழகுமுத்து. நெடுநாளில் அவர் உண்மையாகச் சொன்ன ஆமா அதுதான்.

பொன்னையா எழுந்து பொயின்டை முடித்தார். மஃறூப் கொடுத்த சாமானை அதில் சொருகினார்கள். அதன் நெற்றியில் இருந்த விளக்கு சிவப்பாக எரிந்து, யோசித்து, பச்சையானது. போனில் மூன்று கோடு வந்து அசையாமல் நின்றது. பொன்னையா வெளியே போய்ப் பெல்லை அமுக்கினார். ஹோல் பல்ப் சிவப்பாக மின்னியது. அழகுமுத்துவின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அவர் வாசலுக்குப் போனார். அதற்குள் பெல் பேச ஆரம்பித்திருந்தது.

"பொன்னையா மாமா! தெளிவா தெரியிறீங்க. வேல முடிஞ்சுதா?"

கண்டியில் இருந்து லோஜினி. பொன்னையா தலையில் இருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பெல்லுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றார்.

"முடிஞ்சிருச்சும்மா. ஏம்மா, ஒங்கப்பாவுக்குக் காது கேக்காதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

பெல் குரலைத் தாழ்த்திக் கேட்டது: "அப்பா பக்கத்துல இருக்காரா மாமா?"

"இருக்காரு. ஏன் மெதுவா பேசுற? அவருக்குத்தான் கேக்காதே."

அழகுமுத்து இரண்டு பேருக்கும் பொதுவாகத் தலையாட்டினார்.

அன்று மத்தியானமே இருவரும் மேல்கணக்குக்கு ஏறினார்கள். மயானம் தேயிலை மலைக்கு நடுவில் இருந்தது. பொன்னையாவின் அம்மாவுடைய மண் மேடு இன்னும் சரியாக அமுங்கவில்லை. நடுவில் ஒரு செவ்வந்திச் செடி வைத்திருந்தார்கள். அழகுமுத்து சூடம் கொளுத்தினார். காற்றில் அணைந்தது. பொன்னையா குனிந்து கையால் மறைத்துக்கொள்ள, மறுபடி கொளுத்தினார். இந்த முறை எரிந்து முடியும்வரை நின்றார்கள். பொன்னையாவின் வீட்டில் செவனம்மா ஒன்றும் பேசாமல் சோறு போட்டாள். இரண்டாவது முறை குழம்பு ஊற்றும்போதுதான், "வேணுமா அண்ணே?" என்று கேட்டாள், ஊருக்கே கேட்கும்படி.

ஞாயிற்றுக்கிழமை கோயில் கமிட்டிக் கூட்டத்தில் பொன்னையா எழுந்து நின்று, அழகுமுத்துவுக்குக் காது கேட்காது, தலைக்கனம் ஒன்றும் கிடையாது, இனி யாரும் தப்பாகப் பேசக் கூடாது என்று அறிவித்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அழகுமுத்து இதை எதிர்த்திருப்பார். அவருக்குக் கேட்கவில்லை.

சிரிப்பார்கள் என்று பயந்தது நடந்தது. இரண்டொரு நாள் பிள்ளைகள் பின்னால் நின்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். பிறகு அவர்களுக்குச் சலித்துவிட்டது. பெரியவர்கள் அதுவரை தட்டிவிட்டுத் திரும்பிய கணக்கையெல்லாம் தீர்ப்பதுபோல வந்து பெல்லை அமுக்கினார்கள். ஒவ்வொரு முறையும் பல்ப் சரியாக மின்னியது. அவர் ஒவ்வொரு முறையும் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். வீட்டில் சீனி சீக்கிரம் தீர்ந்தது.

அப்புறம் ஒருநாள் பல்ப் மின்னியதும் போய்த் திறந்தார். லயத்தில் இருந்து ஷாமிலா, இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றாள். உள்ளே வா என்றார். அவள் தலையாட்டி, பெல்லைக் கைகாட்டினாள்.

"ஒங்களப் பாக்க வரலங்க மாமா. லோஜினி அக்காகிட்ட ஒன்னு கேக்கணும். புள்ளைக்கு ரெண்டு நாளா வயித்தால போகுது."

பெல் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தது. கொதித்து ஆறிய தண்ணீரில் எவ்வளவு உப்பு, எவ்வளவு சீனி என்று சொல்லி, நாளைக்கும் நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னது. ஷாமிலா பெல்லுக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனாள். அதோடு செய்தி பரவியது. செவனம்மா தன் சீனி வருத்தத்துக்கு, அதாவது சர்க்கரை வியாதிக்கு, ஆஸ்பத்திரியில் கொடுத்த குளிசை மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து கேமராவுக்கு முன்னால் பிடித்தாள். ஒருவர் வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிப் புண்ணைக் காட்டினார். லோஜினி டியூட்டி நேரத்தில் எடுக்க முடியாது என்றும், தான் டொக்டர் இல்லை என்றும் சொல்லிப் பார்த்தாள். டியூட்டி முடியும் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தார்கள். அழகுமுத்து பெல்லுக்குப் பக்கத்தில் உட்கார ஒரு கதிரை போட்டார். வருகிறவர்கள் நின்றுகொண்டே பேச வேண்டாம் என்று. பல்ப் மின்னினால் இப்போது அவர் உடனே எழுவதில்லை. யாருக்காக வந்திருக்கிறார்கள் என்று போனில் முகத்தைப் பார்த்துவிட்டு எழுவார்.

காது மிஷினுக்கு அளவெடுக்க லோஜினி கண்டிக்கு வரச் சொன்னாள். இந்த முறை களவு, கிளவு என்று எதுவும் சொல்லவில்லை. "காதுக்கு" என்றே எழுதினாள். சரி என்று பதில் போட்டார். பொன்னையா துணைக்கு வருவதாக ஏற்பாடு.

பொன்னையா தினமும் சாயங்காலம் வருகிறார். அவர் மட்டும் பெல்லை அமுக்குவதில்லை. அமுக்கினால் லோஜினிக்கும் அடிக்கும். பிள்ளை பாவம், களைத்துப்போய் இருக்கும் என்பது அவர் வாதம். அவர் வெளிச்சுவரில் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பிரேக்கரைக் கீழே தட்டி மறுபடி மேலே தட்டுகிறார். வீடு முழுவதும் ஒருமுறை இருண்டு வெளிச்சமாகிறது. அழகுமுத்து எழுந்து போய்த் திறக்கிறார். ரவுட்டர் அணைந்து, திரும்ப எரிந்து, மலையின் பள்ளத்தில் டவரைத் தேடிப் பிடிக்கச் சற்று நேரம் ஆகிறது. அதுவரை பெல்லுக்கு ஒரு கோடும் வருவதில்லை. வாசல் கதிரையில் உட்கார்ந்து லோஜினியோடு பேசிக்கொண்டிருந்தவர் யாராக இருந்தாலும் பாதியில் நின்றுபோன பேச்சோடு பொன்னையாவைப் பார்க்கிறார். பொன்னையா அவரைத் தாண்டி உள்ளே போகிறார்.